திறப்பு விழாவுக்குத் தனியே செல்வோர்க்கு

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், முந்திரித் தோப்புகளுக்கும் நெய்வேலிச் சுரங்கங்களுக்கும் இடையில் அமைந்த குள்ளஞ்சாவடியில் வசிக்கும் ஒருவர், சென்னையிலோ புதுச்சேரியிலோ நடைபெறும் புகைப்படக் கண்காட்சி ஒன்றின் திறப்பு விழாவுக்குப் போய்வர வேண்டும் என்று ஆசைப்பட்டால், அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் தூரமும் அன்று, பணமும் அன்று, "யாரு கூடப் போறே?" என்று வீட்டில் எழும் கேள்வியே ஆகும். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடும், வடலூர்த் தைப்பூச ஜோதி தரிசனத்துக்கு ஊரோடும், நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளோடும் போய்ப் பழகிய நமக்கு, கலைக்கூடம் ஒன்றின் வாயிலைத் தன்னந்தனியாகக் கடப்பது சம்பிரதாயத்துக்கு மாறான காரியமாகத் தோன்றுவதும் இயல்பே. ஆயினும், தெருவில் நடமாடும் மனிதர்களின் உடையையும் அலங்காரத்தையும் பொருளாகக் கொண்ட புகைப்படங்களைப் பொறுத்தவரை, அவற்றை முதன்முறை காண்பதற்குத் தனியே செல்வதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம். துணையோடு செல்பவர் தம் கண்ணில் பாதியைத் துணைவரின் ரசனைக்கும் அவசரத்துக்கும் கொடுத்துவிட நேர்கிறது. தனியே செல்பவருக்கோ, பிறந்து வளர்ந்த ஊர் கற்பித்த துணியறிவு முழுவதும் தடையின்றிப் பயன்படுகிறது. அந்த அறிவு நம் பக்கத்து மக்களுக்கு எவ்வளவு உண்டு என்பதை நாமே சரியாக உணர்ந்ததில்லை.

இந்தக் கலை எத்தகையது என்பதைச் சற்றே தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது. நியூயார்க் நகரில் சைக்கிளில் சுற்றிவந்து, வழிப்போக்கர்களின் உடைகளைப் பல பத்தாண்டுகள் படம்பிடித்த பில் கன்னிங்ஹாம் என்பவர் (1929–2016), 1978-ஆம் ஆண்டில் ஒருநாள், தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு மாதின் மேலங்கியில் தோள்பகுதி வெட்டித் தைக்கப்பட்டிருந்த நேர்த்தியைக் கண்டு வியந்து படமெடுத்தார். அம்மாது கிரேட்டா கார்போ என்னும் உலகப் புகழ்பெற்ற நடிகை என்பது அவருக்குப் பின்னரே தெரியவந்தது. முகத்தின் கீர்த்தி கண்ணில் படாமல் தோளின் தையல் கண்ணில் பட்டதே அந்தக் கலைஞரின் மேதைமை. ஜப்பானியப் புகைப்படக்காரர் தெருயோஷி ஹயாஷிதா, அமெரிக்கக் கல்லூரி வளாகங்களுக்குச் சென்று அங்குள்ள மாணவர்கள் அன்றாடம் உடுத்துவதைப் படமாக்கி 1965-இல் 'டேக் ஐவி' என்ற நூலாகத் தந்தார். நம் மாநிலத்தின் அன்றைய பெயர் தாங்கிய 'மெட்ராஸ்' கட்டத் துணி, சாயம் கசிவதையே ஒரு சிறப்பாகச் சொல்லி விற்கப்பட்டு, அமெரிக்க இளைஞர்களின் சட்டையாகவும் அரைக்கால் சராயாகவும் உலவிய காலம் அது. ஜப்பானின் டோக்கியோ நகரத்தில், ஹராஜுகு பகுதியின் இளைஞர்களுக்காகவே ஷோய்ச்சி அவோகி 1997-இல் 'ஃப்ரூட்ஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இம்மூவரும் செய்தது ஒன்றே: உடுத்தியவர் தாமே தேர்ந்தெடுத்த அழகை, அவர் உடுத்திய இடத்திலேயே வைத்து மதித்தார்கள்.

புறப்படுவதற்கு முன்

முதற்கண், கண்காட்சி நடக்கும் செய்தி நமக்கு எட்ட வேண்டும். சென்னையில் 2016-ஆம் ஆண்டு தொடங்கிய 'சென்னை போட்டோ பியென்னாலே' என்னும் பெருங்கண்காட்சி, இடையிடையே சில ஆண்டுகள் விட்டு நடந்துவருகிறது. அதன் நான்காம் பதிப்பு 2024 டிசம்பரில் ஆரம்பமாயிற்று. 2019-இல் நடந்த இரண்டாம் பதிப்பின்போது, சேப்பாக்கத்தில் சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த பழைய செனட் மண்டபத்துக்குள்ளேயே படங்கள் வைக்கப்பட்டன. இவையன்றி, கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித கலா அகாதெமி, எழும்பூருக்கு அருகிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரி, முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா, புதுச்சேரியின் அலியான்ஸ் பிரான்சேஸ் ஆகிய இடங்களின் அறிவிப்புகளைக் கைப்பேசியில் தொடர்ந்து கவனித்துவந்தால், ஆண்டுக்குச் சில நல்ல திறப்பு விழாக்களேனும் அகப்படாமல் போகா. அழைப்பிதழில் 'அழைக்கப்பட்டோர் மட்டும்' என்ற வாசகம் இல்லையெனில், அந்த விழா பொதுமக்கள் அனைவருக்கும் உரியதே, ஐயம் இருப்பின் அதில் கண்ட எண்ணுக்கு முன்னரே பேசி, "நான் தனியா வரலாமுங்களா, பதிவு ஏதாச்சும் செய்யணுமா?" என்று கேட்டுவிடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. அத்துடன் நுழைவுக் கட்டணம் உண்டா, விழா எத்தனை மணிக்கு முடியும், கண்காட்சி எந்தத் தேதிவரை இருக்கும் என்ற மூன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வி அதிமுக்கியமானது; அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இரண்டாவதாக, கண்ணைத் தயார்செய்துகொள்ள வேண்டும். இதற்குப் புத்தகம் தேவையில்லை. குள்ளஞ்சாவடிக் கடைத்தெருவில் மாலை நேரத்தில் சிறிது பொழுது நின்றாலே போதும். வேலை முடிந்து வரும் பெண்களைக் கவனியுங்கள். சேலைக்கு மேல், கணவருடையதோ மகனுடையதோ ஆன பழைய முழுக்கைச் சட்டை. அதன் மேல் பொத்தான் மட்டும் திறந்திருக்கும், கைப்பொத்தான் இரண்டும் பூட்டியிருக்கும். தலையில் துண்டு சும்மாட்டுக்கு ஏற்றவாறு சுற்றப்பட்டிருக்கும். முந்தானை சட்டைக்கு உள்ளே போய் இடுப்பில் செருகப்பட்டிருக்கும். வெயிலுக்கும், சுணைக்கும், முந்திரிக்கொட்டைப் பாலுக்கும் அஞ்சி ஏற்பட்ட இந்த உடை, எந்தத் தையற்காரரும் வகுத்துக் கொடுத்ததன்று. ஆயினும் அதற்கு ஒரு முறையும் ஒழுங்கும் உண்டு. அவர்களுள்ளேயே ஒருத்தி சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டிருப்பாள், இன்னொருத்தி மடக்கிவிட்டிருப்பாள். ஒருத்தி சேலையின் நிறத்துக்கு இயைந்த சட்டையை எடுத்திருப்பாள். அந்தத் தேர்வுதான் நாம் காணப்போகும் கலையின் உயிர்நிலை.

அதேபோல் கைலி. குறிஞ்சிப்பாடித் தறிகளுக்கு அருகில் வாழும் நமக்கு, நெய்த கைலியின் கட்டம் இருபுறமும் ஒரே தெளிவோடு இருக்கும் என்பதும், அச்சடித்ததன் பின்புறம் மங்கியிருக்கும் என்பதும் குழந்தைப் பருவத்திலேயே தெரியும். கைலியை ஒருவர் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டும்போது துணியின் உட்புறம் வெளியே புரளுமாதலால், படத்தில் அந்த ஓர் அங்குலத்தைப் பார்த்தே அது தறியில் பிறந்ததா, அச்சில் பிறந்ததா என்று நம்மவர் ஒருவர் சொல்லிவிட முடியும். கலைக்கூடத்தின் சுவரில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் எழுதப்பட்டுள்ள குறிப்பு பெரும்பாலும் இதைச் சொல்லாது. நாமோ, இது தெரிந்திருப்பதை ஓர் அறிவாகவே எண்ணியிராமல், நகரத்தார் முன் கூச்சத்தோடு நிற்கிறோம்.

புகைப்படக்காரரின் வேறு படங்களை முன்கூட்டியே பார்த்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். பெயரையும் ஊரையும் அறிந்துகொள்ளுங்கள். படங்களைக் கைப்பேசியில் தேடித் தீர்த்துவிடாதீர்கள். உள்ளங்கை அளவில் ஒருமுறை பார்த்துவிட்ட படம், சுவரில் நான்கடி அகலத்தில் எதிர்ப்படும்போது, 'இது தெரிந்ததுதானே' என்று மனம் அதைத் தாண்டிப் போய்விடும்.

உடையும் பயணமும்

உடையைப் பற்றிய கண்காட்சிக்கு எந்த உடையில் போவது என்ற கலக்கம் பலருக்கு உண்டு. நீங்கள் உடுத்திப் பழகியதும், நெடுநேரம் நிற்பதற்கும் குனிந்து பார்ப்பதற்கும் இடங்கொடுப்பதும், பேருந்தில் கசங்கினாலும் வருத்தம் தராததுமான உடையே ஏற்றது. புதுச்செருப்பு வேண்டாம். வீட்டில் ஒரு நல்ல கைத்தறிச் சேலையோ வேட்டியோ இருந்தால், அதை உடுத்திச் செல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சபை இல்லை. தோளில் ஒரு சிறு பை, அதனுள் தண்ணீர், பென்சில், சிறு நோட்டு, மூக்குக்கண்ணாடி. கைப்பேசிக்கு முழு மின்னேற்றம். இவ்வளவே.

புதுச்சேரி விழாக்களே நமக்குச் சௌகரியமானவை. கடலூர் போய் வண்டி மாறினால், அங்கிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மாலை விழாவுக்குப் போய் இரவே திரும்பிவிடலாம். கடலூரிலிருந்து நம் ஊர்ப் பக்கம் வரும் கடைசி வண்டி எப்போது என்பதைப் போகும்போதே கடலூர் நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் முதலில் எழுத வேண்டியது அந்த நேரமே. சென்னை என்றால் கதை வேறு. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்ட வண்டிகள் அங்கேயே நின்றுவிடுகின்றன; அங்கிருந்து தாம்பரம் போய் மின்சார ரயிலில் எழும்பூர் சேர்வதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஆறு மணி விழாவுக்கு மூன்றரைக்கே கிளாம்பாக்கத்தில் இறங்கிவிடுவது உசிதம். இரவு தங்குவதற்கு உறவினர் வீடோ, முன்பதிவு செய்த விடுதியோ இல்லையெனில், திறப்பு விழாவை விட்டுவிட்டு ஒரு பகற்பொழுதில் போய்வருவதே மேல் என்று தயக்கமின்றிச் சொல்வேன். தனியே செல்பவர், குறிப்பாகப் பெண்மணிகள், போகும் இடத்தின் முகவரியையும் திரும்பும் வண்டியின் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். வீட்டாரின் கேள்விக்கும் அதுவே தக்க விடை.

மண்டபத்துக்குள்

குறித்த நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே போய்விடுங்கள். அந்த நேரத்தில் அமைப்பாளர்கள் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டும், சாய்ந்த சட்டத்தை நிமிர்த்திக்கொண்டும் இருப்பார்கள். படங்களின் முன் கூட்டம் இராது. வாயிலில் வைத்திருக்கும் பதிவேட்டில் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். ஊர் என்ற இடத்தில் 'நெய்வேலி அருகில்' என்றோ 'கடலூர் மாவட்டம்' என்றோ பொதுவாக எழுதிவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். 'குள்ளஞ்சாவடி' என்று முழுப்பெயரையும் எழுதுங்கள். எங்கிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள் என்பதை அமைப்பாளர்கள் அறிவது அந்தப் பதிவேட்டிலிருந்துதான். அடுத்த கண்காட்சியை நம் பக்கத்துக்கும் கொண்டுவர யாரேனும் என்றாவது நினைத்தால், அந்த நினைவுக்கு வித்து அங்கேதான் விழ வேண்டும்.

முதற்சுற்றில் நின்று எதையும் ஆராய வேண்டாம். மண்டபம் முழுவதையும் மெல்ல ஒருமுறை சுற்றிவந்து, எந்தப் படங்கள் உங்களைத் திரும்பிப் பார்க்கச் செய்தன என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். அதற்குள் குத்துவிளக்கு ஏற்றப்பட்டு, சிறப்பு விருந்தினர் பேசத் தொடங்கியிருப்பார். உரைகள் நீளமானாலும் செவிகொடுங்கள். புகைப்படக்காரர் பேசும் சில நிமிஷங்களில், எந்தத் தெரு, எந்தப் பருவம், எந்த நேரம், எடுக்கப்பட்டவரிடம் கேட்டு எடுத்ததா கேளாமல் எடுத்ததா என்பவை வெளிப்படும். பேச்சு ஆங்கிலத்தில் இருந்து சில பகுதிகள் விளங்காமல் போனால், பிறகு அவரிடமே தமிழில் கேட்கலாம். சென்னையிலும் புதுச்சேரியிலும் தமிழில் கேட்பதற்கு எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

உரைகள் முடிந்ததும் கூட்டம் சிற்றுண்டியை நோக்கி நகரும். அந்த வேளை உங்களுடையது. பில் கன்னிங்ஹாம், தாம் படமெடுக்கச் சென்ற எந்த விருந்திலும் ஒரு குவளைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை என்ற விரதம் பூண்டிருந்தார். நாம் அவ்வளவு கடுமையாக இருக்க வேண்டியதில்லை. தேநீர் பிறகும் கிடைக்கும், காலியான மண்டபம் பிறகு கிடைக்காது. முதற்சுற்றில் மனத்தைப் பிடித்த படங்களில் நான்கைந்தை மட்டும் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றின் முன்பும் நெடுநேரம் நில்லுங்கள்.

எப்படிப் பார்ப்பது? முகத்திலிருந்து தொடங்காமல் பாதத்திலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை. முகம் நம்மைக் கதைக்குள் இழுத்துக்கொண்டுவிடும்; செருப்போ உள்ளதை உள்ளபடி சொல்லும். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, வார் தைத்துச் செப்பனிடப்பட்டதா, அதன் நிறத்துக்கும் மேலே உள்ள உடைக்கும் ஏதேனும் இணக்கம் உண்டா என்று பாருங்கள். பிறகு உடையின் ஓரங்கள்: கரை, மடிப்பு, கைமுட்டி, சட்டைப்பை. உடுத்துபவரின் சுபாவம் துணியில் பதிவது ஓரங்களில்தான். அதன்பின் துணியைத் தொடாமலே அதன் கனத்தைக் கணியுங்கள். பருத்தியா, பாலியெஸ்டரா, காற்றில் எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்தால் தெரியும். கடைசியாக முகத்துக்கு வாருங்கள். இத்தனையும் தானே தேர்ந்து உடுத்திய மனிதர் அங்கே நின்றிருப்பார். அவரை அதற்குமுன் பார்த்திருந்தால் அறிந்திருக்க முடியாத அளவுக்கு அப்போது அறிவீர்கள்.

படத்தின் கீழுள்ள குறிப்பை இதற்குப் பிறகே படிக்க வேண்டும். அதில் ஒரு விஷயத்தைத் தவறாமல் கவனியுங்கள்: எடுக்கப்பட்டவரின் பெயர் இருக்கிறதா? நம் நாட்டில் உடையைப் புகைப்படமாக்கிய சரித்திரம் அவ்வளவு நிர்மலமானதன்று. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கிலேய அரசின் படத்தொகுப்பில், மனிதர்கள் சாதிக்கும் இனத்துக்கும் மாதிரிகளாக நிறுத்தப்பட்டார்கள். அவர்களின் உடை, ஆள்வோர் அவர்களை இனம்பிரித்து அறிவதற்கான அடையாளமாயிற்று. அத்தகைய பார்வையையே பொருளாக்கி, புஷ்பமாலா என். என்னும் கலைஞர், புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து, தாமே பல வேஷங்கள் பூண்டு 2000 முதல் 2004 வரை 'தென்னிந்திய நாட்டுப் பெண்கள்' என்ற வரிசையைப் படைத்தார். முன்னர்க் கூறிய 2019-ஆம் ஆண்டுப் பியென்னாலேயைத் தொகுத்தமைத்தவரும் அவரே. இதற்கு நேர்மாறானது நம் ஊர் ஸ்டூடியோக்களின் சரித்திரம். வரைந்த திரைக்கு முன், ஸ்டூடியோக்காரர் கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு, கைக்கடிகாரம் தெரியும்படி கையை நீட்டிவைத்து நம் பாட்டனார் எடுத்துக்கொண்ட படங்களில், காட்சி தரும் விதத்தை அவரே தீர்மானித்தார். 1880 முதல் 1980 வரையிலான அத்தகைய தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பாதுகாக்கும் பணியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது. தெருவில் எடுக்கப்படும் உடைப் படம் இவ்விரண்டு மரபுகளில் எதைச் சார்ந்து நிற்கிறது என்பதே, ஒவ்வொரு சட்டத்தின் முன்னும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

இனிப் பேச்சு. தனியே நிற்பவரிடம் யாரேனும் வந்து பேசத்தான் செய்வார்கள். "நீங்க போட்டோகிராபருங்களா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, பார்க்க வந்தேன்" என்பது பூரணமான பதில். அதற்கு மேல் காரணம் கூற வேண்டியதில்லை. புகைப்படக்காரரிடம் பேச விரும்பினால், அவரைச் சுற்றியுள்ள நண்பர் கூட்டம் சற்றுக் கலையும்வரை காத்திருந்து, ஒரு குறிப்பிட்ட படத்தைச் சுட்டிக் கேளுங்கள். எந்தக் கேமரா என்ற கேள்வியை ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். "சார், அந்தக் கைலிக்காரர்கிட்ட கேட்டுட்டு எடுத்தீங்களா? அவர் அந்தப் படத்தைப் பார்த்தாரா?" என்று கேட்டால், அவர் முகம் மாறும். சிலர் மகிழ்ச்சியோடு அரைமணி பேசுவார்கள், சிலர் நழுவுவார்கள். இரண்டுமே உங்களுக்குப் பயனுள்ள விடைகள். அந்தக் கைலி நெய்ததா, அச்சா என்று நீங்கள் கண்டறிந்ததையும் அவரிடம் சொல்லுங்கள். அது அவருக்குத் தெரியாத செய்தியாக இருக்கக்கூடும்.

சுவரிலுள்ள படங்களை உங்கள் கைப்பேசியில் எடுப்பதற்குமுன் அங்குள்ள பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். அதே நீதி உங்களுக்கும் உண்டு: திறப்பு விழாக்களில் வருவோரையும் படமெடுத்துக்கொண்டே இருப்பார்கள், விருப்பமில்லையெனில் கையை லேசாக உயர்த்தி, "வேண்டாங்க" என்று சொல்லிவிடலாம். எடுத்த பிறகு தெரியவந்தாலும், நீக்கும்படி கேட்பது மரியாதைக் குறைவாகாது.

திரும்பிய பின்

வண்டியில் உட்கார்ந்தவுடன், விளக்கு அணைவதற்குமுன், நோட்டில் நான்கைந்து வரிகளாவது எழுதிவிடுங்கள். படத்தின் தலைப்பைவிட, அதில் கண்ட காலர், கரை, செருப்பு ஆகியவற்றை எழுதுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால், பார்த்தது போய்ப் பிறர் பேசியதே மிஞ்சும்.

கண்காட்சி முடியும் தேதியைக் கேட்டு வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்: திறப்பு நாளில் பார்த்த நான்கைந்து படங்கள் போக மற்றவை மீதமிருக்கின்றன, அவற்றுக்காக வாரநாள் ஒன்றில், கலைக்கூடத்துக்கு எது விடுமுறை நாள் என்று விசாரித்துக்கொண்டு, முற்பகலில் மீண்டும் ஒருமுறை செல்ல வேண்டும். அப்போது தனியே போகாதீர்கள். உங்கள் கண்ணுக்கு என்ன அகப்பட்டது என்பது முதல் வருகையில் தீர்மானமாகிவிட்டபடியால், இனி மற்றொருவர் கண்ணைத் துணைக்கொள்வதில் நஷ்டம் இல்லை. குறிஞ்சிப்பாடியில் தெரிந்த தறிக்காரர் யாரேனும் இருந்தால், "மாமா, ஒருநாள் பாண்டி வரைக்கும் வாங்க, துணிப் படம் வச்சிருக்காங்க" என்று அழைத்துப் போங்கள். அவருக்குத் தறி ஓடாத நாளாகப் பார்த்து அழையுங்கள். பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் உங்களுடையதாக இருக்கட்டும்.